காற்றை நிறுப்போர்

புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், பாக்கு நீரிணைக் கரையில் அமைந்துள்ள ஊர் கட்டுமாவடி. கிழக்குக் கடற்கரைச் சாலை அவ்வூர் வழியே செல்கின்றது. மீன்பிடி படகுகள் கரை சேர்வதும், கரையில் மீன் ஏலம் நடைபெறுவதும், பனிக்கட்டி இட்ட பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வண்டிகள் வெளியூர்களுக்கு விரைவதும் அங்கு நாள்தோறும் காணும் காட்சிகளாம்.

அவ்வூர் மீனவர் கடலில் இறங்குமுன் ஒரு கணம் கரையில் நின்று காற்றை முகத்தில் ஏற்பர். எத்திசையிலிருந்து வீசுகின்றது, எவ்வளவு விசையுடன் வீசுகின்றது, பொழுது சாயுமுன் திசை மாறுமா என்பனவற்றை உய்த்துணர்ந்த பின்னரே படகைச் செலுத்துவர். கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும், மேல்காற்றைக் கோடை என்றும், வடகாற்றை வாடை என்றும் பகுத்துப் பெயரிட்டவர் நம் முன்னோர். கச்சான், சோளகம் என்னும் பெயர்களும் கடலோர மக்களின் நாவில் இன்றளவும் வழங்குகின்றன. காற்றின் திசை அறிதல் தமிழர்க்குப் புதிய கலை அன்று.

ஆயினும், மாணவர்களே, காற்றைப்பற்றி நாம் அறிய வேண்டுவது திசை ஒன்று மட்டும்தானா? அக்காற்று எதனைச் சுமந்து வருகின்றது என்பதையும் அறிய வேண்டாமா? ஒரு மனிதன் ஒரு நாளைக்கு உட்கொள்ளும் உணவைக் கைகளில் ஏந்திவிடலாம். பருகும் நீரை ஒரு குடத்தில் அடக்கிவிடலாம். அவன் உயிர்க்கும் காற்றோ ஒரு நாளைக்குப் பதினாயிரம் லிட்டருக்கும் மேற்பட்டது. கெட்ட சோற்றை நாறும் நாற்றத்தால் விலக்குகிறோம். கலங்கிய நீரைக் கண்ணால் கண்டு ஒதுக்குகிறோம். காற்றை அவ்வாறு தேர்ந்தெடுக்க இயலாது. இருக்கும் இடத்தில் உள்ள காற்றையே எல்லாரும் உயிர்த்தாக வேண்டும். செல்வரும் வறியரும், முதியவரும் தொட்டிற் குழவியும் ஓரூரில் ஒரே காற்றையே பகிர்ந்துகொள்கின்றனர். ஆதலின், அது தூயதா அன்றா என்று ஆராய்ந்து கூறுவோர் ஊருக்கு வேண்டப்படுகின்றனர். அவர்களே காற்றுத் தர ஆலோசகர் எனப்படுவோர். அவர்தம் தொழிலின் இயல்பையும், அத்தொழிலுக்கு வேண்டிய அறிவையும், அறிவினும் மேலாக வேண்டிய பண்பையும் இப்பாடத்தில் காண்போம்.

கண்ணுக்குப் புலனாகாத பகை

காற்றின் தீமையை உலகம் பெரும் விலை கொடுத்தே உணர்ந்தது. 1952-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் முதல் 9-ஆம் நாள் வரை இலண்டன் மாநகரைக் கடுமையான மூடுபனி கவிந்துகொண்டது. குளிர் தாங்காத மக்கள் வீடுதோறும் நிலக்கரியை எரித்தனர். அப்புகை மேலெழ வழியின்றிப் பனியொடு கலந்து தெருக்களிலேயே தங்கிற்று. அதனால் மாண்டோர் ஏறத்தாழ 4,000 பேர் என்று அந்நாளில் கணக்கிட்டனர். உண்மைத் தொகை அதனினும் மிகுதி என்று பிற்கால ஆய்வாளர் கூறினர். மாண்டவருள் பலர் முதியோரும் நெஞ்சுநோய் உடையோரும் ஆவர். அதன் பயனாகவே 1956-ஆம் ஆண்டில் அந்நாட்டில் தூய காற்றுச் சட்டம் பிறந்தது.

நம் நாட்டில் காற்று மாசு தடுப்புச் சட்டம் 1981-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாடு வாரியம் 1982-ஆம் ஆண்டில் தோன்றியது. காற்றில் எப்பொருள் எவ்வளவு இருக்கலாம் என்று வரையறுக்கும் நாட்டளவிலான விதி 2009-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் திருத்தி வெளியிடப்பட்டது. அதன்கண் நுண்துகள், கந்தக டை ஆக்சைடு, நைட்ரசன் டை ஆக்சைடு, ஓசோன், ஈயம், கார்பன் மோனாக்சைடு, அம்மோனியா, பென்சீன் முதலாகப் பன்னிரண்டு பொருள்கள் குறிக்கப்பட்டுள்ளன.

இவற்றுள் நுண்துகளைப்பற்றி மட்டும் சிறிது விளக்குவோம். ஒரு மீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்ரான் ஆகும். இரண்டரை மைக்ரான் அளவினவாகவும் அதனினும் சிறியனவாகவும் உள்ள துகள்கள் நம் தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கினும் நுண்ணியவை. மூக்கின் மயிர்களும் தொண்டையின் சளியும் பெருந்துகள்களைத் தடுத்து நிறுத்தும், இவற்றைத் தடுக்கமாட்டா. இவை நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை சென்று தங்கும். கண்ணுக்குத் தெரியும் புழுதியினும் கண்ணுக்குத் தெரியாத இத்துகளே கொடியது. இதனால்தான் கண்ணை நம்பிக் காற்றின் தரத்தை உரைத்தல் ஆகாது என்கின்றனர் அறிஞர்.

நிறுக்கும் முறை

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எவ்வாறு அளப்பது? வழி எளியது, செய்கைதான் அரியது. நன்கு உலர்த்திய மெல்லிய வடிதாள் ஒன்றை முதலில் நிறுக்கின்றனர். பின்னர் அதனை ஒரு கருவியில் பொருத்தி, அதன் வழியே மணிக்கு ஒரு கனமீட்டர் வீதம் காற்றை இழுக்கச் செய்கின்றனர். ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்தபின் தாளை எடுத்து, முன்பிருந்த அதே வெப்பமும் ஈரமும் உள்ள அறையில் வைத்து மீண்டும் நிறுக்கின்றனர். கூடிய எடையே காற்றில் இருந்த துகளின் எடை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைக் காண்போம். தாளில் கூடிய எடை 960 மைக்ரோகிராம் என்று கொள்வோம். இருபத்து நான்கு மணி நேரத்தில் தாளின் வழியே சென்ற காற்று 24 கனமீட்டர். 960-ஐ 24-ஆல் வகுக்க வருவது 40. ஆதலின் அன்றைய காற்றில் கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தது என்பது முடிவு. ஒரு நாள் சராசரிக்கு நம் நாட்டு வரம்பு 60; ஓர் ஆண்டின் சராசரிக்கு வரம்பு 40. உலக நலவாழ்வு நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் கூறிய அறிவுரையோ இன்னும் கடுமையானது. ஓர் ஆண்டின் சராசரி 5-ஐத் தாண்டலாகாது என்பது அது.

960 மைக்ரோகிராம் என்பது ஒரு கடுகின் எடைக்கும் குறைந்தது. நிறுப்போன் விரலில் உள்ள வியர்வை தாளில் பட்டாலும் கணக்குத் தவறிவிடும். கருவி இழுக்கும் காற்றின் வேகம் சிறிது குறைந்தாலும் விடை மாறிவிடும். மின்சாரம் இடையில் நின்ற நேரத்தைக் குறிக்க மறந்தால் வகுக்கும் எண்ணே பிழையாகிவிடும். ஆகவே, காற்றுத் தர ஆலோசகர்க்கு முதலில் வேண்டுவது பெருங்கல்வி அன்று. சிறியதைச் சிறியதென்று இகழாத கவனமேயாம்.

வளிப்பொருள்களை அளக்கும் முறை வேறு. கந்தக டை ஆக்சைடைப் பிடிக்கத்தக்க நீர்மத்தின் ஊடே காற்றைக் குமிழியிடச் செய்து, பின்னர் அந்நீர்மம் கொள்ளும் நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளவைக் கணிப்பர். வெஸ்ட், கேக் என்னும் இருவர் 1956-ஆம் ஆண்டில் கூறிய முறை இது. திருத்தங்களுடன் இன்றும் நம் நாட்டில் கையாளப்படுகின்றது. இக்காலத்தில் மணிக்கு மணி தாமே அளந்து அறிவிக்கும் பொறிகளும் பெருநகரங்களில் நிறுவப்பட்டுள்ளன.

இடமும் காலமும் அறிதல்

கருவி நல்லதாயின் போதுமோ? போதாது. அதனை எங்கு வைப்பது, எப்பொழுது வைப்பது என்பதிலேயே வல்லுநரின் திறம் விளங்கும். காற்றை இழுக்கும் வாய் தரையிலிருந்து மூன்று மீட்டருக்குக் குறையாமலும் பத்து மீட்டருக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். மரங்களிலிருந்து இருபது மீட்டரேனும் விலகியிருத்தல் வேண்டும். ஒரு நாள் அளந்து ஓராண்டுக்கு முடிவு கூறலாகாது. வாரம் இருமுறை வீதம், ஓராண்டில் 104 அளவைகளேனும் எடுத்தே ஆண்டுச் சராசரியைக் கூற வேண்டும் என்பது விதி.

மீண்டும் கட்டுமாவடிக் கரைக்கு வருவோம். அங்கு ஓர் ஆலோசகர் காற்றை அளக்க வந்தார் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். பகலில் நிலம் விரைவில் சூடேறும். கடல் அவ்வாறு சூடேறாது. நிலத்தின்மேல் உள்ள காற்று வெம்மையால் மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வீசும். இது கடற்காற்று. இரவில் நிலம் விரைவில் குளிர்ந்துவிடும். அப்பொழுது நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று செல்லும். இது நிலக்காற்று. கரையோரத்தில் ஒரு சூளை இருக்குமாயின் அதன் புகை பகலில் மேற்கே ஊருக்குள் புகும். இரவில் கிழக்கே கடல்மேல் செல்லும்.

இவ்வியல்பை அறியாத ஒருவர், சூளைக்குக் கிழக்கே கடலோரத்தில் கருவியை வைத்துப் பகற்பொழுதில் மட்டும் அளந்தால் என்ன விளையும்? கருவி பொய் சொல்லாது. அங்கு அப்பொழுது காற்று உண்மையில் தூயதே. ஆனால், 'இவ்வூர்க் காற்று தூயது' என்று அவர் எழுதும் முடிவு பொய்யாகும். எண் மெய், முடிவு பொய். காற்றுத் தொழிலில் அஞ்ச வேண்டிய பெரும்பிழை இதுவே.

இன்னொன்றும் கூறுவேன். கடலலை உடையும்பொழுது சிதறும் நீர்த்துளிகள் காய்ந்து உப்புத் துகள்களாகக் காற்றில் மிதக்கும். கரையோரத்தில் வைத்த வடிதாள் இவ்வுப்பாலும் கனக்கும். அக்கனத்தைக் கண்டு 'இது படகுகளின் டீசல் புகை' என்று சாதித்தால் மீனவர்மேல் வீண்பழி சுமத்தியவராவோம். 'இது வெறும் உப்பு' என்று தள்ளிவிட்டால் உண்மைப் புகை மறைந்துபோகும். தாளை வேதியியல் முறையில் ஆராய்ந்து, இதில் உப்பு இவ்வளவு, கரி இவ்வளவு, மண் இவ்வளவு என்று பிரித்து உரைப்பவரே வல்லுநர். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைப் புலவர் பாடுவர். உப்பையும் புகையையும் பிரிக்கும் அறிவு மனிதர்க்குக் கல்வியால் வாய்ப்பதாகும்.

புகை செல்லும் வழி

ஓரூரில் ஓராண்டு முழுதும் எத்திசையிலிருந்து எத்துணை நேரம், எவ்வளவு விசையுடன் காற்று வீசியது என்று கணக்கிட்டு, அதனை ஒரு மலரின் இதழ்கள் போல வரைவர். அதற்குக் காற்று மலர்ப்படம் என்று பெயர் கூறலாம். எவ்விதழ் நீண்டிருக்கின்றதோ அத்திசைக் காற்றே மிகுதி என்று அறியலாம். புதியதோர் ஆலை எங்கு அமைந்தால் குடியிருப்புகளுக்குத் தீங்கு குறையும் என்பதை இப்படம் காட்டும்.

திசை மட்டும் அன்றிக் காற்றின் நிலையையும் அறிதல் வேண்டும். வெயில் காயும் நண்பகலில் காற்று கீழும் மேலுமாகப் புரளும். புகை விரைவில் கலைந்துவிடும். பனிக்காலத்து வைகறையில் தரையொட்டிய காற்று குளிர்ந்தும் அதன் மேலுள்ள காற்று சற்றே வெதுவெதுப்பாகவும் இருக்கும். அப்பொழுது மேற்காற்று ஒரு மூடிபோல் ஆகிவிடுகின்றது. புகை மேலேற மாட்டாமல் தரையிலேயே படுத்துக் கிடக்கும். மார்கழி விடியலில் தெருவில் சருகு எரித்த புகை முழங்கால் உயரத்தில் பாய்போல் விரிந்திருப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். 2018-ஆம் ஆண்டுப் போகியன்று சென்னையில் பழம்பொருள்களை எரித்த புகையும் பனியும் கலந்து வழி மறைத்தமையால் விமானப் போக்குவரத்தும் தடைப்பட்டது. பிராங்க் பாஸ்குவில் என்னும் ஆங்கில வானிலை அறிஞர் காற்றின் வேகம், வெயில், மேகம் ஆகியவற்றைக் கொண்டு காற்றின் நிலையை ஆறு வகையாகப் பகுத்து 1961-ஆம் ஆண்டில் கூறினார். புகை எவ்வளவு தொலைவில், எவ்வளவு செறிவுடன் தரையைத் தொடும் என்று கணிப்பதற்கு அப்பகுப்பு இன்றும் துணை செய்கின்றது.

புகைபோக்கியின் உயரத்தையும் கணக்கிட்டே அமைக்கின்றனர். நம் நாட்டு விதிப்படி, மணிக்கு 10 கிலோகிராம் கந்தக டை ஆக்சைடு வெளிவிடும் கொதிகலனுக்குக் கணக்கின்படி 28 மீட்டர் வருமாயினும், 30 மீட்டருக்குக் குறையாத புகைபோக்கி வேண்டும். மணிக்கு 100 கிலோகிராம் வெளிவிடுமாயின் ஏறத்தாழ 56 மீட்டர் வேண்டும். நஞ்சு பத்து மடங்கு மிகும்பொழுது கணக்கின்படி உயரம் இருமடங்கே மிகுகின்றது. ஆனால், உயர்ந்த புகைபோக்கி நஞ்சைக் குறைப்பதில்லை, பரப்பித்தான் விடுகின்றது. அண்டை வீட்டாரைக் காத்து அடுத்த ஊராருக்கு அனுப்புதல் அறமாகாது. ஆதலின், நல்ல ஆலோசகர் முதலில் 'புகையைக் குறைக்க வழி யாது?' என்றே வினவுவார். 'புகைபோக்கியை உயர்த்துக' என்பது அவர் கூறும் இரண்டாம் மருந்தேயாம்.

தாஜ்மகாலைச் சூழ்ந்த புகை

இக்கலையின் பயனை நம் நாட்டு வரலாற்று நிகழ்ச்சி ஒன்று நன்கு விளக்கும். உத்தரப்பிரதேசத்தில் மதுரா நகரில் எண்ணெய்த் தூய்மிப்பு ஆலை ஒன்றை நிறுவ மத்திய அரசு 1970-களில் திட்டமிட்டது. ஆலைக்குக் குறித்த இடத்துக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் ஆக்ரா நகரமும், அங்கே தாஜ்மகாலும் உள்ளன. ஆலையின் கந்தகப் புகை வடமேற்குக் காற்றில் வந்து, மழையிலும் பனியிலும் கரைந்து அமிலமாகி, வெண்பளிங்கை அரித்துவிடும் என்று பலர் அஞ்சினர். அச்சம் நியாயமானதே. பளிங்கு சுண்ணாம்புப் பொருளால் ஆயது. கந்தக அமிலம் பட்டால் அது உதிரும் தன்மையுடைய ஜிப்சமாக மாறும்.

இதனை ஆராய அறிஞர் வரதராசன் தலைமையில் அரசு 1974-ஆம் ஆண்டில் ஒரு குழுவை அமைத்தது. இத்தாலி நாட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றும் இவ்வாய்வில் ஈடுபடுத்தப்பட்டது. 1977-ஆம் ஆண்டில் குழு அறிக்கை அளித்தது. அதில் அனைவரும் எதிர்பாராத செய்தி ஒன்று இருந்தது. ஆலை தொடங்கப்படாத அந்நாளிலேயே ஆக்ராவின் காற்று கெட்டிருந்தது! ஊருக்குள்ளேயே நிலக்கரி எரித்த இரண்டு மின்நிலையங்களும், ஏறத்தாழ 250 வார்ப்பட ஆலைகளும், புகைவண்டிகள் மாற்றும் பணிமனையும் அதற்குக் காரணம். அவை வெளிவிடும் புகையின் மொத்த அளவு சிறிதாயினும், நினைவுச் சின்னங்களுக்கு மிக அண்மையில் இருப்பதால் அவற்றால் வரும் கேடு பெரிது என்று குழு எடுத்துரைத்தது.

மாணவர்களே, இங்குச் சற்றே நின்று எண்ணுங்கள். எல்லார் விரலும் தொலைவிலிருந்த பெரிய ஆலையையே சுட்டின. அளந்து பார்த்தவர்களோ அருகிலிருந்த சிறிய உலைகளையும் சுட்டினர். குழு அத்துடன் நிற்கவில்லை. மாசு தரும் புதுத் தொழில்களைத் தாஜ்மகாலுக்கு வடமேற்கில் அமைத்தல் ஆகாது என்றும், இருக்கும் வார்ப்பட ஆலைகளை ஆக்ராவுக்குத் தென்கிழக்கே மாற்ற முயலவேண்டும் என்றும் அறிவுறுத்திற்று. காற்று பெரும்பாலும் வடமேற்கிலிருந்து வீசும் ஊரில் தென்கிழக்கே எழும் புகை கட்டடத்தை விட்டு விலகிச் செல்லுமன்றோ? காற்றின் திசையறிந்து கூறிய அறிவுரை அது.

எனினும், அறிவுரை உடனே செயலாகிவிடவில்லை. மேத்தா என்னும் வழக்கறிஞர் 1984-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தாரின் ஆய்வுகளும் வழக்கில் சான்றாயின. இறுதியில் 1996-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள், நிலக்கரி எரித்த 292 தொழிற்சாலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாறவேண்டும், மாற இயலாதவை அப்பகுதியை விட்டு அகல வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அறிக்கைக்கும் தீர்ப்புக்கும் இடையே கழிந்த ஆண்டுகள் பத்தொன்பது. அவ்வளவு காலமும் ஆக்ராவின் பளிங்கு மட்டுமன்று, மக்களின் நெஞ்சும் அப்புகையை ஏற்றது என்பதை மறத்தலாகாது.

அடுக்களையிலும் ஓர் ஆய்வு

அருகிலுள்ள சிறு நெருப்பே பெருந்தீங்கு செய்யும் என்னும் அவ்வுண்மை நம் இல்லங்களுக்கும் பொருந்தும். என் இளமையில் என் அன்னையார் ஊதுகுழல் கொண்டு அடுப்பை ஊதுவதும், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வதும் நான் நாள்தோறும் கண்டவை. விறகு ஈரமாயின் இருமலும் உடன்வரும். 'புகைக்குக் கண் கரிக்கிறது' என்று அவர் சொல்வார். நானும் அவ்வளவுதான் என்று எண்ணியிருந்தேன். அப்புகையை அளந்து பார்க்கவேண்டும் என்னும் நினைவு எங்கள் ஊரில் ஒருவர்க்கும் எழவில்லை.

அந்நினைவு எழுந்த அறிஞர் சிலர் உண்டு. கிர்க் சுமித் என்னும் அமெரிக்கர் இந்திய அறிஞர் இருவருடன் சேர்ந்து குசராத்துச் சிற்றூர்களில் சமைக்கும் பெண்கள் உடலிலேயே சிறு கருவிகளை அணிவித்து, அவர்கள் உயிர்க்கும் காற்றை அளந்து 1983-ஆம் ஆண்டில் ஆய்வுரை வெளியிட்டார். பின்னர்ச் சென்னை இராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியில் கல்பனா பாலகிருஷ்ணன் என்னும் பேராசிரியையாரும் அவர்தம் குழுவினரும் தமிழ்நாட்டில் நான்கு மாவட்டங்களில் 436 சிற்றூர் வீடுகளின் காற்றை ஆராய்ந்து 2002-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். விறகும் சாணமும் எரித்துச் சமைக்கும் பெண்டிரே மிகுந்த மாசை உயிர்க்கின்றனர் என்பதும், எரிவாயு கொண்டு சமைப்போர்க்கு அது மிகக் குறைவு என்பதும், அடுக்களையின் அமைப்பும் இதனைப் பெரிதும் மாற்றும் என்பதும் அவ்வாய்வால் எண்களொடு புலனாயின. ஆலைப் புகையைக் கண்டு அஞ்சிய நாடு, அடுக்களைப் புகையையும் எண்ணிப் பார்க்கத் தொடங்கியது இத்தகையோரின் உழைப்பினாலேயாம். அவர்கள் புதிதாக ஒரு துன்பத்தைக் கண்டுபிடிக்கவில்லை. தாய்மார் கண்ணில் என்றும் இருந்த துன்பத்துக்கு எண் கொடுத்தனர். எண் கிடைத்தபின் அதனை இல்லையென்று தள்ள யாராலும் இயலாது.

நடுவு நிலைமை

இனி, இத்தொழிலின் உயிர்நிலை யாது என்று காண்போம். பெரிய ஆலையோ சுரங்கமோ தொடங்குவோர், 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் ஆணைப்படி, அவ்விடத்துக் காற்று, நீர், நிலம் ஆகியவற்றின் இப்போதைய நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தல் வேண்டும். அதனை ஆக்குவதற்கு இந்தியத் தர மன்றத்தைச் சார்ந்த அமைப்பின் ஏற்புப் பெற்ற ஆலோசகர்களே உரியர். காற்று மாசைக் கண்காணிப்போர் என்றும், வானிலை கொண்டு புகையின் போக்கைக் கணிப்போர் என்றும் அவருள்ளும் தனித்தனி வல்லுநர் உளர்.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆலோசகருக்கு ஊதியம் கொடுப்பவர் ஆலையார். அவர் எழுத்தின் பயனை நுகர்பவர் ஊரார். ஊதியம் கொடுத்தவர் முகம் கோணாமல் எழுதவேண்டும் என்னும் எண்ணம் ஒருவர் உள்ளத்தில் புகுந்துவிட்டால், கருவிகள் எத்துணை நுட்பமாயினும் பயன் இல்லை. காற்று எதிர்ப்பக்கம் வீசும் நாளைத் தேர்ந்து அளக்கலாம்; மழை பெய்து புழுதி அடங்கிய மறுநாள் அளக்கலாம்; ஓரூரில் எடுத்த எண்களை மற்றோரூருக்கு எழுதிவிடலாம். இவையெல்லாம் மைதொட்டு எழுதும் களவுகள். உண்மையை மறைத்தோ பொய்ச்செய்தி தந்தோ பெற்ற இசைவு நீக்கப்படும் என்று அவ்வாணையே எச்சரிக்கின்றது. எனினும், சட்டத்தின் கண் படாத இடத்தும் தவறாதிருப்பதே சான்றாண்மை. திருவள்ளுவர் நடுவு நிலைமை என்று ஓர் அதிகாரமே வகுத்து, சான்றோருக்குத் துலாக்கோலை உவமை கூறினார். காற்றையே நிறுக்கும் தொழிலினர்க்கு அவ்வுவமை இருமடங்கு பொருந்துவதாகும்.

ஊராருக்கும் இதில் கடமை உண்டு. அவ்வறிக்கையின் சுருக்கம் அவ்வூர் மக்கள் மொழியிலும் வெளியிடப்பட வேண்டும். பின்னர் மாவட்ட ஆட்சியரோ அவரால் அமர்த்தப்பட்ட உயர் அலுவலரோ தலைமை தாங்க, மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் நடைபெற வேண்டும் என்பது விதி. அக்கூட்டத்தில் எழுந்து, 'கருவியை எங்கு வைத்தீர்? எந்தத் திங்களில் அளந்தீர்? அப்பொழுது வீசியது வாடையா, கோடையா?' என்று ஒரு மீனவர் வினவுவாராயின், அவ்வொரு வினா நூறு கூச்சலினும் வலியது. காற்றின் திசையை வாழ்நாளெல்லாம் முகத்தில் ஏற்று அறிந்தவர்க்கு அவ்வினாவை எழுப்பும் தகுதி முழுதும் உண்டு. அவர் அறிவும் ஆலோசகர் கருவியும் ஒன்றையொன்று மதித்து உரையாடும்பொழுதே உண்மை வெளிப்படும்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் சிலர் நாளை இத்தொழிலை மேற்கொள்ளலாம். அதற்கு வேதியியல் வேண்டும், கணக்கு வேண்டும், வானிலை நூல் வேண்டும், கண்டதைப் பிறர்க்கு விளங்கத் தமிழில் எழுதும் திறமும் வேண்டும். மற்றவர்கள் வேறு தொழில்களை மேற்கொள்வீர்கள். எத்தொழில் செய்யினும், ஒன்றைப் பழிக்குமுன் அளந்து பாருங்கள். அளந்தபின் கண்டதைக் கண்டவாறே உரையுங்கள். இன்று மாலை வீடு திரும்பியதும், உங்கள் அடுக்களைப் புகை எப்பக்கம் செல்கின்றது என்று நோக்குங்கள். சாளரம் மூடியிருந்தால் திறந்து வையுங்கள். காற்றைக் கற்கும் கல்விக்கு அதுவே முதற்பாடம்.

பயிற்சி

1. எண் மெய்யாக இருந்தும் முடிவு பொய்யாவது எவ்வாறு? கடற்கரையூர் எடுத்துக்காட்டால் விளக்குக.

2. வடிதாளில் ஒரு நாளில் கூடிய எடை 1,680 மைக்ரோகிராம். சென்ற காற்று 24 கனமீட்டர். அன்றைய அளவு நாட்டு வரம்பைத் தாண்டியதா?

3. ஆக்ராவின் வார்ப்பட ஆலைகளைத் தென்கிழக்கே மாற்றுமாறு கூறியதன் காரணம் யாது?

4. உங்கள் ஊரில் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளிலும் காற்று வீசும் திசையை ஒரு வாரம் குறித்து வருக. புகை எழும் இடங்களையும் உடன் குறித்து ஒரு பக்கக் கட்டுரை வரைக.